தங்கவயலும் நராச்சியும்: ‘கே.ஜி.எஃப்.’ தொடர்படத்தின் தமிழ் வடிவம் பற்றி ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஒரு தொடர்படம் தன் சுவைஞரை இன்னும் மகிழ்விக்கிறதா என்னும் வினாவிற்குப் பொதுவாக வசூல் கணக்கோ நாளிதழ் விமரிசனமோ விடையளித்து விடுகிறது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அவ்வினாவை வேறொரு வகையிலும் கேட்க வேண்டியுள்ளது. ஒரே படம் ஐந்து மொழிகளில் ஒருசேர வெளிவரும் இக்காலத்தில், மகிழ்ச்சி எந்த மொழியின் வழியாகப் பிறக்கிறது, அம்மொழி யாருடைய பேச்சு என்பனவும் அவ்வினாவின் பகுதிகளாகின்றன.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது பிரசாந்த் நீல் இயக்கத்தில் கன்னடத்தில் உருவாகித் தமிழிலும் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்.’ படங்கள் இரண்டு. முதற் பாகம் 2018 டிசம்பர் 21 அன்றும், இரண்டாம் பாகம் 2022 ஏப்ரல் 14 அன்றும் திரைக்கு வந்தன. மூன்றாம் பாகம் உண்டு என்னும் குறிப்போடு இரண்டாம் படம் முடிகிறது. கதைக்களம் கருநாடகத்தின் கோலார் தங்கவயல். அவ்வூரின் சுரங்கத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். இதனால் இப்படங்களின் தமிழ் வடிவம் மற்ற மொழிமாற்றுப் படங்களிலிருந்து வேறுபட்ட ஒரு நிலையில் நிற்கிறது. ஏனைய படங்களில் மூலம் ஒரு மொழியில் இருக்க, மொழிமாற்றம் இன்னொரு மொழிக்குச் செல்கிறது. இங்கோ, மூலப்படமே ஒரு தமிழ்ப்பேச்சு வட்டாரத்தைக் கன்னடத்தில் எடுத்துரைத்த ஒன்று. தமிழ் வடிவம் அதனை மீண்டும் தன் பேச்சிற்குக் கொணர்ந்திருக்கக் கூடும். கொணர்ந்ததா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். அதற்கான விடையைப் பொறுத்தே தொடரின் சுவை நீடிக்குமா என்பதும் அமைகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

2. கடற்கொள்ளையர் கதையின் இலக்கணம்

‘கே.ஜி.எஃப்.’ நிலத்தில் நிகழும் கதையாயினும் அதன் எலும்புக்கூடு கடற்கொள்ளையர் கதையினுடையது. உலகிலிருந்து மறைக்கப்பட்ட ஓரிடம், அங்கே குவிந்து கிடக்கும் பொன், அதனைக் காக்கும் கொடியோன், சட்டத்திற்கு வெளியே நிற்கும் நாயகன், அவனை மீட்பனாக ஏற்கும் அடிமைகள் என்னும் ஐந்து உறுப்புகளும் அதில் உள்ளன. இரண்டாம் பாகத்தின் இறுதியில் நாயகன் ராக்கி தங்கத்தை ஏற்றிக்கொண்டு கப்பலில் கடலுக்குச் சென்று அரசின் தாக்குதலில் மூழ்குகிறான். இக்கதை முடியவேண்டிய இடம் கடலே என்பதை இயக்குநர் உணர்ந்திருந்தார் போலும்.

இவ்வகைக் கதைகளில் உலகெங்கும் அறியப்பட்டது ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ தொடர். 2003-க்கும் 2017-க்கும் இடையில் அதில் ஐந்து படங்கள் வந்தன. முதற் படத்தில் ஜாக் ஸ்பாரோ என்னும் கொள்ளையன் இளங்காதலர் இருவரின் கதைக்குள் குறுக்கே வந்து புகும் ஒருவன். நான்காம் படத்தில் அக்காதலர் இல்லை. அவனே கதையின் நடுவில் நிற்கிறான். குறுக்கே வருபவனால் விளைந்த சுவை, அவனே நடுவிடம் பெற்றபின் மங்கியது என்பது அத்தொடரைப் பற்றிப் பலரும் கூறும் குறை. தொடர்படங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் இடறுகின்றன. சுவை தந்த உறுப்பு எது என்பதை அறிந்து அதனைப் பெருக்குகின்றன. பெருக்கும்போது அவ்வுறுப்பு எவற்றோடு சேர்ந்து சுவை தந்ததோ அவற்றை இழந்து விடுகின்றன.

தமிழில் இவ்வகைக்கு முதன்மையான சான்று பி. ஆர். பந்துலு இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965). பந்துலு கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். கன்னடத்திலும் தமிழிலும் படம் எடுத்தவர். இப்படத்தின் கடற்காட்சிகள் கருநாடகத்தின் கார்வார்க் கரையில் எடுக்கப்பட்டன. மருத்துவனான மணிமாறன், காயம்பட்ட கிளர்ச்சியாளர்க்கு உதவியமையால் அவர்களோடு அடிமையாகக் கன்னித்தீவிற்கு விற்கப்பட்டுப் பின் கடற்கொள்ளையருடன் சேர நேர்கிறது. ‘கேப்டன் பிளட்’ (1935) என்னும் ஆங்கிலப் படத்தின் கதையமைப்போடு இதற்குள்ள ஒப்புமை வெளிப்படையானது. 2014-இல் இப்படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டபோது சென்னையில் வெள்ளிவிழாக் காணும் அளவிற்கு ஓடியது. 49 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கடற்கொள்ளையர் கதை தன் சுவைஞரை மகிழ்வித்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கு மொழியியலார் கருதத்தக்க ஒன்று உண்டு. ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தின் தமிழ் எந்த வட்டாரத்தின் பேச்சும் அன்று. மேடை நாடக மரபில் வந்த செவ்விய உரையாடல் அது. ஆயினும் சுவைஞர் அதில் எக்குறையும் காண்பதில்லை. கன்னித்தீவு கற்பனையான இடம். அதற்கெனப் பேச்சு வழக்கு ஒன்று உலகில் இல்லை. யாருக்கும் உரியதல்லாத இடத்தில் யாருடையதும் அல்லாத தமிழ் பொருந்தி நிற்கிறது. இவ்வுண்மை பின்வரும் வாதத்திற்குத் தேவையாகும்.

3. நராச்சியும் தங்கவயலும்

படத்தின் கதைப்படி 1951-இல் கோலார்ப் பகுதியில் தங்கம் கண்டறியப்படுகிறது. சூரியவர்த்தன் என்பவன் அதனை மறைத்து, சுண்ணாம்புக்கல் எடுப்பதாகக் கூறி 99 ஆண்டுக் குத்தகை பெற்று, நராச்சி என்னுமிடத்தில் அடிமைகளைக்கொண்டு சுரங்கம் நடத்துகிறான். வெளியுலகம் அறியாத அவ்விடத்திற்கு ராக்கி அடிமை வேடத்தில் நுழைகிறான்.

வரலாறு வேறு. இப்பகுதியில் பொன் எடுப்போர் பற்றி ஜான் வாரன் என்னும் படைத்துறை அலுவலர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். அவர் குறிப்பைப் படித்த மைக்கேல் லாவெல் 1875-இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கங்களை நடத்தினர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. தொலைவிற்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கு மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன் 800 டன் அளவினது. கதையில் பொன் கண்டறியப்படும் 1951-ஆம் ஆண்டில் உண்மையான தங்கவயலுக்கு 70 ஆண்டுச் சுரங்க வாழ்க்கை கடந்திருந்தது.

தொழிலாளர் பெரும்பாலும் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்றவர்கள். அவர்களுள் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ‘லைன்’ எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில், மூங்கில் தட்டியால் அடைத்த வீடுகளில் வாழ்ந்தனர். பாறை வெடிப்புகளில் உயிரிழந்தனர். தூசியால் நுரையீரல் நோயுற்றனர். ஆயினும் அவர்கள் வாய்பேசா அடிமைகள் அல்லர். 1930-இல் கைரேகையுடன் கூடிய கட்டாயப் பதிவுமுறைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்திற்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவிற்குப் பின், 1926-இல் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிடப்பட்டது. பண்டிதரின் நூல்களும் அங்கே அச்சேறின. அஃதாவது, தங்கவயல் தமிழ் பேசிய ஊர் மட்டுமன்று. தமிழில் எழுதி, அச்சிட்டு, வாதிட்ட ஊர்.

அவ்வூரில் கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோரும் ஆங்கிலோ இந்தியரும் வாழ்ந்தனர்; வாழ்கின்றனர். தங்கவயல் கருநாடக மண்ணில் உள்ளது. அதன் கதையைக் கன்னடத்தில் சொல்ல எவரும் இசைவு பெறவேண்டுவதில்லை. இக்கட்டுரையின் குறை மூலப்படத்தின் மொழியைப் பற்றியதன்று. தமிழ் வடிவத்தின் மொழியைப் பற்றியது.

வரலாற்றை விட்டு விலகியது குற்றமாகுமா எனின், ஆகாது. வீரதீரக் கதைக்குத் தீவு வேண்டும். மின்விளக்கும் தொழிற்சங்கமும் இதழும் உள்ள ஊர் தீவாகாது. ஆகவே இயக்குநர் தங்கவயலைச் சுற்றிக் கடல் வெட்டி அதனை நராச்சியாக்கினார். ஆனால் கன்னித்தீவிற்கும் நராச்சிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நராச்சி உண்மையூரின் பெயரைத் தலைப்பில் தாங்குகிறது. தங்கம் பிரித்தபின் எஞ்சிய கழிவு மண்ணால் உருவான சயனைடு மேடுகளின் மீதே படப்பிடிப்பும் நடந்தது. மண்ணையும் பெயரையும் உண்மையூரிலிருந்து எடுத்துக்கொண்ட படம், பேச்சை மட்டும் வேறெங்கிருந்தோ கொண்டுவந்தது.

4. பெயர்

தலைப்பினின்றே தொடங்கலாம். ‘கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்’ என்பதன் தமிழ், ‘கோலார் தங்கவயல்’. ஆங்கிலத்தில் ‘ஃபீல்டு’ என்பது உழுநிலத்தையும் கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் ‘வயல்’ நெல் விளையும் நிலம் மட்டுமே. ஆகவே ‘தங்கவயல்’ சொல்லுக்குச் சொல் செய்த பெயர்ப்பு. கறாரான நோக்கில் பிழையானது என்றும் கூறலாம். கன்னடத்தார் ‘சின்னத கணி’, அஃதாவது பொற்சுரங்கம், எனப் பொருள்நோக்கிப் பெயர்த்தனர்.

ஆயினும் தமிழ்ப் பெயர்ப்பே மக்கள் வழக்கில் வேரூன்றியது. வடாற்காட்டின் வயல்களில் கூலிகளாக இருந்து, நிலமின்மையாலும் பஞ்சத்தாலும் வெளியேறியோர்க்குப் புதிய பிழைப்பிடம் ‘வயல்’ என்னும் பெயரோடு வந்தமைந்தது. பிழையாகத் தொடங்கிய பெயர்ப்பு, பயன்படுத்தியோரின் வாழ்க்கையால் சரியாயிற்று. மொழிபெயர்ப்புப் பாடத்தில் எடுத்துக்காட்டத் தக்க சொல் இது.

தமிழ் வடிவம் இச்சொல்லைத் தலைப்பாகக் கொள்ளவில்லை. ‘கே.ஜி.எஃப்.’ என்னும் ஆங்கில எழுத்துகளே எல்லா மொழிகளிலும் நின்றன. வணிக நோக்கில் இது இயல்பு. ஐந்து மொழிகளுக்கும் ஒரே விளம்பரம், ஒரே ஓசை. தங்கவயலாரும் தம் ஊரைக் ‘கே.ஜி.எஃப்.’ என்றே அன்றாடம் குறிப்பதுண்டு. எனினும் தலைப்பிற்கு இயலாதது எடுத்துரைப்பிற்கு இயலாததன்று. பின்னணிக் குரல் பேசும் நீண்ட பகுதிகளில் ‘தங்கவயல்’ என்னும் சொல் இடம்பெற்றுத் தலைப்பெழுத்துகளுக்கு ஒரு தமிழ்ப் பொருள் தந்திருக்கலாம்.

5. தமிழ் வடிவத்தின் திறன்

குறை கூறுமுன் நிறையை மதிப்பிடுதல் முறை. தமிழ் வடிவம் செய்திறன் மிக்கது. அதன் வெற்றிக்கு மொழியியல் காரணங்கள் மூன்று உள.

முதலாவது, இரு மொழிகளின் உறவு. கன்னடமும் தமிழும் வினையை இறுதியில் கொள்ளும் மொழிகள். எச்சங்களால் தொடர் வளர்ப்பவை. ஆகவே தொடரின் நீளமும் அழுத்தம் விழும் இடமும் பெரிதும் ஒத்துவரும். உதட்டசைவில்தான் சிக்கல். பழங்கன்னடச் சொல்முதல் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. பொன்–ஹொன்னு, பால்–ஹாலு, போ–ஹோகு, பெயர்–ஹெசரு என்பன சான்று. தமிழில் உதடு மூடும் இடத்தில் கன்னடத்தில் திறந்தே இருக்கும். இதற்கு எதிராக, வா–பா, வாய்–பாயி, விடு–பிடு, வேண்டும்–பேகு ஆகிய இணைகளில் கன்னடத்தில் உதடு மூடும், தமிழில் மூடாது. ‘போ’, ‘வா’ என்னும் மிக எளிய ஏவல்களே அண்மைக் காட்சியில் பொருந்தா என்பது வியப்பான உண்மை. உரையாடல் எழுதுவோர் இவ்விடங்களில் நிகரான சொல்லை விட்டு, உதட்டிற்கு இசையும் வேறு சொல்லைத் தேட வேண்டும். இப்படங்களைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரான ‘ஹொம்பாளே’ என்பதும் தமிழில் ‘பொன்பாளை’ ஆகும் என்பது இவ்வொலிமாற்றத்திற்கு இன்னொரு சான்று. மாறாக, ‘அம்மா’ என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. உதடு மூடுவதும் திறப்பதும் ஒன்றே. தாய்க்குத் தந்த வாக்கே நாயகனின் செயலனைத்திற்கும் காரணமாகிய கதையில் இப்பொதுமை சிறிய பேறன்று.

இரண்டாவது, எடுத்துரைப்பு முறை. இப்படங்களில் நாயகன் பேசுவது குறைவு; அவனைப் பற்றிப் பிறர் பேசுவதே மிகுதி. முதற் பாகத்தில் ஆனந்த் இங்களகி என்னும் இதழாளரும், இரண்டாம் பாகத்தில் அவர் மகன் விஜயேந்திராவும் கதை சொல்கின்றனர். ஊரில் வழங்கும் வில்லுப்பாட்டிலும் கதைப்பாடலிலும் வீரனைப் பாடுவோன் குரலே வீரனை ஆக்குவது போல, இங்கும் வீரம் சொல்வோர் வாயில் பிறக்கிறது. திரையில் வாய் தெரியாதபோது உதட்டசைவுக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே தமிழ் உரையாசிரியர் தடையின்றித் தம் மொழியின் மிடுக்கைக் காட்ட முடிந்தது. இத்தொடர் மொழிகளைத் தாண்டிச் சென்றமைக்கு இவ்வமைப்பே தலையாய காரணம் எனலாம்.

மூன்றாவது, ஆங்கிலச் சொற்கள். ‘கேங்ஸ்டர்’, ‘மான்ஸ்டர்’ என்னும் இரு சொற்களின் எதுகையைக் கொண்டு நாயகனைப் புகழும் உரை எல்லா மொழி வடிவிலும் அவ்வாறே நின்றது. இரண்டாம் பாகத்தில் வன்முறையைப் பற்றி நாயகன் பேசும் புகழ்பெற்ற உரை முழுதும் ஆங்கிலம். மூலத்திலேயே ஆங்கிலமாக எழுதப்பட்ட இவ்வுரைகள் மொழிபெயர்ப்பை வேண்டுவதில்லை. சுவைஞர் மீண்டும் மீண்டும் சொல்லி மகிழ்பவை பெரும்பாலும் இவையே என்பது கவனிக்கத்தக்கது. மொழிபெயர்க்க வேண்டாதவையே மிக விரைவாகப் பரவுகின்றன.

6. கேளாத குரல்

இத்திறன் அனைத்தும் நாயகன் பக்கமும் கதைசொல்லி பக்கமும் அமைந்துள்ளன. சுரங்கத்தில் உழைப்போர் பேசும் தமிழ் எத்தகையது? அது எவ்வட்டார அடையாளமும் இல்லாத, மொழிமாற்றுப் படங்களுக்கென அமைந்துவிட்ட பொதுப் பேச்சுத்தமிழ். மும்பையில் நடக்கும் கதையாயினும், தில்லியில் நடக்கும் கதையாயினும் அதே தமிழ்தான் ஒலிக்கும்.

தங்கவயல் பேச்சு வடாற்காட்டு வழக்கின் வழி வந்தது. ‘வந்துகினு’, ‘வரசொல்ல’, ‘இன்னா’ முதலிய வடதமிழக வடிவங்களோடு கன்னட, தெலுங்கு, உருதுச் சொற்களும், சுரங்கத் தொழில் தந்த ஆங்கிலச் சொற்களும் கலந்தது. ஆங்கிலேய மேலாளரின் சொல்லைத் தொழிலாளி தன் நாவிற்கேற்ப மாற்றிக்கொண்ட வரலாறு அதில் உறைந்துள்ளது. மற்ற நான்கு மொழி வடிவங்களுக்கும் இவ்வழக்கு எட்டாதது. தமிழ் வடிவம் ஒன்றுக்கே எட்டக்கூடியது. அதனைத் தமிழ் வடிவம் பயன்கொள்ளவில்லை.

இயலாத ஒன்றை வேண்டுகிறோம் என்று கூறுவதற்கில்லை. உழைப்போர் பேசும் காட்சிகள் பெரும்பாலும் கூட்டக் காட்சிகள். தொலைவிலிருந்தும் இருளிலும் எடுக்கப்பட்டவை. அங்கே உதட்டசைவுக் கட்டுப்பாடு மிகக் குறைவு. பொருட்செலவு சிறிதும் கூடாமல், ஒரு முதியவரின் புலம்பலிலோ ஒரு தாயின் அதட்டலிலோ அவ்வழக்கை ஒலிக்கச் செய்திருக்கலாம். முதற் பாகத்தில் பார்வையிழந்த முதியவர் ஒருவரைக் காக்கவே நாயகன் முதன்முதலாகத் தன்னை வெளிப்படுத்துகிறான். அம்முதியவரின் பேச்சில் ஒரு வடாற்காட்டுச் சொல் இருந்திருப்பின், அவர் நராச்சியின் அடிமையாக மட்டுமன்றித் தங்கவயலின் ஒருவராகவும் ஆகியிருப்பார்.

இதற்கு மறுப்பும் உண்டு. வட்டார வழக்கு பொதுச் சுவைஞர்க்குத் தடையாகும் என்பர். 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ இவ்வகையில் நோக்கத்தக்கது. வடாற்காட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் ஆங்கிலேயன் ஒருவனுடன் பொன் தேடிச் செல்லும் கதையாகிய அது, பாத்திரங்களின் வட்டாரப் பேச்சை முழுமையாக ஏற்றது. உரையாடல் தெளிவாக விளங்கவில்லை என்னும் குறையும் அப்படத்தின்மேல் கூறப்பட்டது. இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் ஒரு படம் முழுவதும் வழக்குமொழியில் அமைவது வேறு. பொதுத்தமிழில் அமைந்த படத்தில் உரியவர் வாயில் உரிய சொல் அமைவது வேறு. இக்கட்டுரை வேண்டுவது இரண்டாவதை மட்டுமே. மேலும், ‘தங்கலான்’ மக்கள் பேச நாயகன் அவர்களுள் ஒருவனாகிறான், ‘கே.ஜி.எஃப்.’ மக்கள் பேசாமையால் நாயகன் அவர்களுக்கு மேலானவனாகிறான். பேச்சு வழக்கைத் தெரிவு செய்வது அணி சேர்ப்பதன்று; கதையில் யார் மனிதர் என்பதைத் தீர்மானிப்பது.

7. தொடர் இன்னும் மகிழ்விக்கிறதா?

இப்போது முதல் வினாவிற்குத் திரும்பலாம். முதற் பாகத்தின் சுவை இரண்டு உறுப்புகளின் சேர்க்கையால் விளைந்தது. ஒன்று நாயகனின் பெருமிதம். மற்றொன்று அடிமைகளின் காத்திருப்பு. நாயகன் நராச்சிக்குள் நுழைந்தபின் நெடுநேரம் பேசாது உழைப்போருள் ஒருவனாக இருக்கிறான். அப்போது சுவைஞன் கண் அம்மக்கள் மேல் விழுகிறது. பின்னர் வரும் வெற்றி அவர்களுடைய வெற்றியாகவும் தோன்றுகிறது. அவலமும் வீரமும் ஒன்றையொன்று தாங்கும் இவ்வமைப்பே படத்தை மீண்டும் காணத் தூண்டுவது.

இரண்டாம் பாகம் நாயகனைப் பெருக்கியது. அதீராவையும் நாட்டின் தலைமை அமைச்சரையும் எதிர்நிறுத்தியது. பின்னணியைக் கடல்வரை விரித்தது. பொழுதுபோக்கு என்னும் அளவில் அது தன் சுவைஞரை ஏமாற்றவில்லை. தமிழ்நாட்டில் ‘பீஸ்ட்’ என்னும் முன்னணி நாயகனின் படம் ஒருநாள் முன்னதாக வெளிவந்திருந்தும், இம்மொழிமாற்றுப் படம் அதனோடு ஈடுகொடுத்து நின்றது. ஆனால் மக்கள் திரளாகிப் பின்னணியாயினர். அவர்கள் வாழ்த்தொலி எழுப்புவோராக மட்டும் எஞ்சினர். கரீபியத் தொடரில் நேர்ந்ததே இங்கும் நேரத் தொடங்கிற்று. கொள்ளையன் நடுவில் வந்தான். அவனைச் சுவையுடையவனாக்கிய மனிதர் விலகினர்.

ஆகவே விடை இவ்வாறு அமைகிறது. தொடர் இன்னும் மகிழ்விக்கிறது. ஆனால் அம்மகிழ்ச்சி ஓசையிலும் மிடுக்கிலும் தங்கியுள்ளது. ஓசையின் சுவை பெருக்கப் பெருக்கக் குறையும் இயல்பினது. ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட உரக்க ஒலித்தாக வேண்டும். குறையாத சுவை மனிதரைப் பற்றிய ஆர்வத்திலிருந்து வருவது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ அரை நூற்றாண்டிற்குப் பின்னும் சுவைக்கப்பட்டமைக்கு நாயகனின் செல்வாக்கும் பாடல்களும் காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அப்படத்தில் அடிமைகள் பேசுகின்றனர், தலைவனோடு வாதிடுகின்றனர், ஒன்றாகப் பாடுகின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

தங்கவயலைச் சேர்ந்த தமிழ்ச் சுவைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். சுரங்கம் மூடியபின் அவ்வூரார் பலர் நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டியில் சென்று வேலை செய்து திரும்புகின்றனர். அவன் படத்தைக் கண்டு மகிழ்வதில் தடையேதும் இல்லை. மேட்டையும் பெயரையும் கண்டு பெருமையும் கொள்ளலாம். ஆனால் தன் மொழியில் தன் ஊரைப் பற்றி வந்த படத்தில், தன் பாட்டனின் பேச்சை அவன் ஓரிடத்திலும் கேட்பதில்லை. அவன் பாட்டன் நாயகன் வருகைக்குக் காத்திராமல் 1930-இலேயே வேலையை நிறுத்தியவன் என்பதையும் அப்படத்தால் அவன் அறிய வழியில்லை. மகிழ்விப்பது என்பதன் எல்லை இங்கே தெரிகிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, மொழிமாற்றுப் படத்தை மதிப்பிடும்போது மூலத்தோடு ஒத்துள்ளதா என்னும் அளவுகோல் மட்டும் போதாது. கதைக்களத்தின் பேச்சோடு ஒத்துள்ளதா என்பதையும் நோக்க வேண்டும். இரண்டும் முரணுமிடத்தில் இலக்குமொழிக்கே கதைக்களம் உரியதாயின், மொழிபெயர்ப்பாளருக்குக் கூடுதல் உரிமையும் பொறுப்பும் உண்டு. இரண்டு, கற்பனைத் தீவிற்குப் பொதுத்தமிழ் பொருந்தும். பெயரும் மண்ணும் உடைய ஊருக்கு அது போதாது. மூன்று, தொடர்படத்தின் சுவை நீடிக்க வேண்டுமாயின் நாயகனைச் சூழ்ந்தவர்க்குக் குரல் வேண்டும். அக்குரலைத் தரும் வாய்ப்பு மொழிமாற்று உரையாசிரியர் கையிலும் உள்ளது.

மூன்றாம் பாகத்திற்குத் தமிழ் உரை எழுத அமர்பவர் மாரிகுப்பத்து ‘லைன்’ ஒன்றில் சில நாள் தங்கி, முதியோர் பேசக் கேட்டு வருவாராயின், அத்தொடருக்குப் பெருஞ்செலவில் அமைக்கும் எந்த அரங்கும் தர இயலாத ஒன்று கிடைக்கும். சுரங்கத்தில் இறங்கியோரின் தலைமுறை அருகி வருகிறது. அவர்தம் சொற்களைத் தொகுக்கும் பணி திரைத்துறையினருக்கு மட்டுமன்று, மொழியியல் துறையினருக்கும் உரியது.